குறைந்த செலவில் ஓர் அலமாரிச் சீர்திருத்தம்

உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவர்கள் பலர். அரண்மனையிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு, தெருமுனையிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு, காட்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த வேலையைப் படுக்கையறை அலமாரியின் இடது கதவிலிருந்து தொடங்க வேண்டும் என்ற உண்மையைக் கண்டறிந்தவர், குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் பதிவறைக் கண்காணிப்பாளர் ஒருவரே. அதையும் அவர் ‘மிகக் குறைந்த செலவில்’ கண்டறிந்தார். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளவில்லை என்றால் அது வரலாற்றின் கவனக்குறைவு. நாம் குறித்துவிடுவோம்.

தலையில் பழம் விழுந்து ஞானம் பெற்றவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். கண்காணிப்பாளருக்குக் காலில் வயர் விழுந்தது. அன்று காலை அவருடைய மனைவியார் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. வழக்கமாகக் கண்காணிப்பாளர் துண்டோடு நின்று “ஏம்மா, என் சட்டை எங்க?” என்று ஒரு குரல் கொடுப்பார். மனைவியார் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அலமாரிக்குள் பார்க்காமலே கையை விட்டுச் சட்டையை உருவிக் கொடுப்பார். அன்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. இடது கதவை அவரே திறந்தார். மேல்தட்டிலிருந்து பழைய வயர்கள் அடைத்த பை ஒன்று நேராக அவர் பெருவிரலில் வந்து இறங்கியது. பை அவருடையதுதான் என்பது இங்கே முக்கியமல்ல.

பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கும்போது சீர்திருத்தவாதியாக எழுந்தார்.

அலுவலகம் போனதும் நாள் முழுவதும் கைப்பேசியில் அலமாரி அடுக்கும் காணொளிகளைப் பார்த்தார். பதிவறையில் இதற்கெல்லாம் நேரம் உண்டு. ஒரு காணொளியில் ஒரு பெண்மணி சட்டையை மடித்தார். மடித்த சட்டை தானாக எழுந்து நின்றது. காலணி வந்த அட்டைப்பெட்டிக்குப் பழைய நாள்காட்டித் தாளை ஒட்டி இழுப்பறை செய்தார். குளிர்பான டப்பாவின் மூடி வளையத்தை ஹேங்கரில் மாட்டி, ஒன்றில் இரண்டு உடுப்பு தொங்கவிட்டார். பிரிக்காத சோப்புக் கட்டியைத் தட்டின் மூலையில் வைத்து மணக்க வைத்தார். எல்லாம் வீட்டில் கிடப்பவை. கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு உடன்பாடு இல்லை. ஓராண்டாகத் தொடாத பொருளை வெளியே அனுப்பு, அன்றாடம் தொடுவதை உள்ளே வை என்றார் அந்தப் பெண்மணி. பாவம், அவர் எந்தப் பதிவறையிலும் வேலை பார்த்தவரல்லர். பதிவறையின் சட்டம் வேறு. அங்கே நடப்பில் உள்ள கோப்பு உள்ளே வர முடியாது. யாருக்காவது தேவை இருக்கிறவரை அது மேஜை மேஜையாக அலைய வேண்டியதுதான். இனி எவருக்கும், எக்காலத்திலும் தேவையில்லை என்று உறுதியான பிறகே அதற்கு உள்ளே இடம் கிடைக்கும். அதற்குப் பெயர் ‘நிரந்தரப் பதிவு’. இத்தனை வருடப் பணியில் கண்காணிப்பாளர் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்ததில்லை. யாரும் வந்து கேட்டதில்லை என்பதால் அந்தச் சாதனை இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

முதல் கூட்டம் கட்டிலின் விளிம்பில் கூடியது. தலைவர், கண்காணிப்பாளர். செயலாளர், கல்லூரியில் படிக்கும் மகள்; கைப்பேசியில் குறிப்பெடுப்பது அவள் பொறுப்பு. உறுப்பினர், மனைவியார்.

“கோரம் இருக்கா பாரு” என்றார் கண்காணிப்பாளர்.

“வீட்ல இருக்கறதே மூணு பேர்தானேப்பா.”

“இருந்தாலும் பாக்கணும்ல. சரி, நிகழ்ச்சி நிரல். ஒண்ணு, அலமாரி. ரெண்டு, இதர விஷயங்கள்.”

“எனக்கு ஒண்ணு பேசணுங்க” என்றார் மனைவியார்.

“அலமாரி பத்தியா?”

“இல்லீங்க. நேத்து டீ குடிக்கறப்ப சொன்னேனே, என் வேலை விஷயம்.”

“அப்ப அது இதர விஷயங்கள். கடைசில வரும்.”

அந்த இதர விஷயம் இதுதான். அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி புதிதாகக் கிளை திறக்கிறது. அங்கே பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளராக வரும்படி மனைவியாரை அழைத்திருந்தார்கள். இதற்கு முன்பும் இப்படி அழைப்பு வந்ததுண்டு. ஒருமுறை மகளுக்குப் பரீட்சை என்று அவர் வேண்டாமென்றார். மறுமுறை கண்காணிப்பாளருக்குச் சளி. இந்த முறையும் மறுத்தால் இனிமேல் கேட்கவே மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவெல்லாம் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை கற்ற பெண்மணிக்கு அந்த நாற்காலியில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதைப் புருஷன் வாயால் ‘போய் வா’ என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டாவது ஆசைதான் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தது.

அன்று அலமாரி பற்றிய விவாதமே நீண்டுவிட்டது. விவாதித்தவர் ஒருவரே என்றாலும் அவர் எல்லாக் கோணங்களிலும் விவாதித்தார். இதர விஷயங்கள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டன.

அடுத்த விடுமுறை நாளில் தரம் பிரித்தல் நடந்தது. அலமாரியில் இருந்ததெல்லாம் கட்டிலுக்கு வந்தது. கண்காணிப்பாளர் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி விசாரணை நடத்தினார். பாரபட்சம் கூடாது என்பதற்காகத் தன் பொருள்களிலிருந்தே தொடங்கினார் என்பதை நடுநிலையாளர்கள் கவனிக்க வேண்டும்.

“கல்யாணக் கோட்டு.”

“அதுல இப்ப உங்க ஒரு கைகூட நுழையாதுங்க” என்றார் மனைவியார்.

“அதனாலதான் சொல்றேன். இனிமே இதை யாரும் தொடப் போறதில்ல. நிரந்தரம்.”

“மிக்ஸியோட விளக்கப் புத்தகம்” என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். “மிக்ஸி செத்து எவ்வளவு நாளாச்சுப்பா!”

“செத்தவங்களுக்குத்தான்மா ஆவணம் முக்கியம். நிரந்தரம்.”

“ஒத்தக் காலுறை. இதுக்கு ஜோடியே இல்ல.”

“விசாரணை நிலுவையில இருக்கு. வை.”

கம்பி ஒடிந்த குடைகள், பட்டை அறுந்த கைக்கடிகாரங்கள், எந்தக் கருவியோடு வந்தது என்று அந்தக் கருவியைச் செய்தவனுக்கே தெரியாத வயர்கள் எல்லாம் தகுதி பெற்றன. அவருடைய அன்றாடச் சட்டைகள் நடப்பில் இருந்தாலும், தலைவர் என்ற முறையில் அவற்றுக்கு ‘அலுவலகப் பயன்பாடு’ என்று தனித் தட்டு ஒதுக்கப்பட்டது. பிறகு மனைவியாரின் முறை வந்தது.

“இந்தச் சேலை கடைசியா எப்பக் கட்டின?”

“நேத்து.”

“இது?”

“முந்தாநேத்து.”

“இந்த வெள்ளைக் கோட்டு?”

“தெனம் போடறதுதாங்க. அதைப் போடாம கூடத்துக்குள்ள விடமாட்டாங்க.”

கண்காணிப்பாளர் மனம் வருந்தினார். “எல்லாமே நடப்புல இருக்கேம்மா.”

“உடுத்தறதுக்குத்தானே வாங்கினேன்.”

“அங்கதான் பிரச்சினையே. உள்ள வைக்க விதி இடம் குடுக்கல. ஆட்சேபணை உண்டா?”

மனைவியார் கட்டிலில் கிடந்த வயர்க் குவியலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேச விட்டார்களா என்று அந்தப் பெரியவர்களை யாரும் கேட்டதில்லை.

நடப்புத் துணிகள் அனைத்தும், மனைவியார் கல்யாணமான புதிதில் கொண்டுவந்த நீலப் பெட்டியில் ‘தற்காலிகமாக’ வைக்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளப்பட்டன. கண்காணிப்பாளரே தன் கையால் காணொளியில் கண்டபடி மடித்து அடுக்கிக் கொடுத்தார். குறை சொல்ல முடியாத அடுக்கு. ‘தற்காலிகம்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை, அவர் அலுவலகம் இயங்கும் கட்டடமும் தற்காலிகக் கட்டடம்தான். அவர் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே அது தற்காலிகமாகத்தான் நிற்கிறது. அன்றும் நேரமாகிவிட்டபடியால் இதர விஷயங்கள் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மூன்றாம் கட்டம், வண்ணம் பூசுதல். இதற்கும் காசு செலவில்லை. அடுப்படிக்கு அடித்தது போக மிச்சமான கிளிப்பச்சைப் பெயிண்ட் பரணில் இருந்தது. டப்பாவைத் திறந்தபோது மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடையை விலக்கிவிட்டு, கெட்டியாக இருந்ததில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, அலமாரியின் உள்பக்கம் முழுவதும் பூசினார். அழகாகத்தான் இருந்தது. காயத்தான் மறுத்தது.

இந்த இடத்தில் கண்காணிப்பாளரின் பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். கதவின் உள்பக்கத்தில் ஒரு கொக்கியை மனைவியாருக்கென்று அவர் ஒதுக்கியிருந்தார். விதியில் இடமில்லைதான். சிறப்புச் சலுகை. மனைவியாருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி. அலமாரிக்குள் நமக்கென்று ஒரு கொக்கியாவது இருக்கிறதே என்று, துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டை அதில் மாட்டினார். காலையில் அவசரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனவர், முதுகிலும் தோளிலும் கிளிப்பச்சையோடு ஆஸ்பத்திரி முழுவதும் நடந்திருக்கிறார்.

“ஒரு நோயாளி என்கிட்ட வந்து, எந்தச் சுவர்லங்க பெயிண்ட் அடிக்கறீங்க, அந்தப் பக்கம் போகாம இருக்கேன்னு கேட்டார்” என்றார் மனைவியார் சாயங்காலம். அவர் சிரிக்கவில்லை.

கண்காணிப்பாளர் கொக்கியைப் போய்ப் பார்த்தார். பதறிவிட்டார்.

“அடடா! கோட்டுத் துணி அச்சு அப்படியே விழுந்திருக்கே! பெயிண்டே கெட்டுப் போச்சே!”

சலுகை தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் கொக்கி ரத்துசெய்யப்பட்டது. மனைவியார் கொல்லைப்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் தொட்டுக் கோட்டைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சை பரவியது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. மண்ணெண்ணெய் நெடி என்று கண்காணிப்பாளர் சரியாகவே ஊகித்தார்.

அப்போது மனைவியாரின் தம்பி வந்தார். சொந்தமாக வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். அக்காவைக் குழாயடியில் பார்த்தார், உள்ளே போய் அலமாரியைப் பார்த்தார், குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தார்.

“எப்படி இருக்கு மாப்பிள்ளை?” என்றார் கண்காணிப்பாளர். “கையைக் கடிக்காத செலவு!”

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்க அத்தான். நீங்க செலவே இல்லாம வெச்சுட்டீங்க.”

சிக்கனத்தைப் பற்றிய பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்ட கண்காணிப்பாளர் நன்றி சொன்னார்.

அடுத்து வந்த கூட்டம்தான் இறுதிக் கூட்டம். திறப்புவிழாவுக்கு மேலாளரையே அழைத்திருந்தார். மேலாளர் இந்த முறையை அலுவலகம் முழுவதும் கொண்டுவரும் எண்ணத்தில் இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. பழம் நழுவிப் பாலில் விழப்போகிற நேரம். கண்காணிப்பாளர் அட்டைப்பெட்டிகளில் ஒட்ட வேண்டிய பெயர்ச்சீட்டுகளுக்குப் பசை தடவிக்கொண்டே தலைமை தாங்கினார்.

“இன்னிக்காவது என் விஷயத்தை எடுங்க” என்றார் மனைவியார். “நாளைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன நினைக்கறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“ஒவ்வொரு தடவையும் தள்ளிட்டே வரீங்கப்பா” என்றாள் மகள்.

“இதோ வந்துட்டேன். முதல்ல நாடா எங்க கட்டறதுன்னு...”

கைப்பேசி அடித்தது. திரையில் மேலாளர் பெயர். கண்காணிப்பாளர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மேலாளர் அழைக்கும்போது உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு கூட்டத்தை முடிக்காமல் இன்னொரு வேலைக்குப் போயும் பழக்கமில்லை. அலுவலகத்தில் இப்படிப்பட்ட நேரத்துக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொன்னார்.

“இதர விஷயங்கள் அனைத்தும் விவாதமின்றி ஏற்கப்பட்டன. கூட்டம் முடிஞ்சது.”

“அனைத்துமாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“அனைத்தும்!”

“உங்களுக்கு ஆட்சேபணை இல்லையேங்க?” என்றார் மனைவியார் மெதுவாக.

“இல்ல, இல்ல” என்று கையை ஆட்டிவிட்டு, “சார்! சொல்லுங்க சார்!” என்று கூடத்துக்கு நடந்தார்.

மகள் கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டாள். ‘போய் வா’ என்று கேட்க ஆசைப்பட்ட மனைவியாருக்கு ‘ஏற்கப்பட்டன’தான் கிடைத்தது. இந்த வீட்டில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்தபோது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. திரும்பி வந்த கண்காணிப்பாளர் அதைக் கவனித்தார். சீர்திருத்தத்தின் பலன் கடைக்கோடி வரை போய்ச் சேரத் தொடங்கிவிட்டது என்று அகமகிழ்ந்தார்.

திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தது. பழைய பைஜாமாவிலிருந்து உருவிய நாடாவைக் கதவின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். மேலாளர் காய்கறி வெட்டும் கத்தரியால் அதை வெட்டினார். கதவுகள் திறந்தன. பெயிண்ட் ஒருவழியாகக் காய்ந்திருந்தது. தட்டுக்குத் தட்டு நாள்காட்டித் தாள் ஒட்டிய பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி சீட்டுகள். ‘வயர், இனம் தெரிந்தது’. ‘வயர், இனம் தெரியாதது’. ‘காலுறை, ஒற்றை, விசாரணையில்’. எங்கும் சோப்பு மணம்.

“பிரமாதம்!” என்றார் மேலாளர். “ஒத்தக் காலுறைக்குத் தனிப் பெட்டி! நம்ம ஆபீஸ்ல பென்ஷன் கோப்புக்கே இது கிடையாதே.”

“எல்லாம் நம்ம பதிவறை முறைதான் சார்.”

“அது சரி, வீட்டம்மா துணியெல்லாம் எங்க?”

“அதெல்லாம் நடப்பு சார்.”

“ஓகோ. சரிதான், சரிதான்” என்றார் மேலாளர். ஒரே துறையைச் சேர்ந்தவர்களுக்குள் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அப்போது மனைவியார் உள்ளே வந்தார். வெளியூர் போகிறவர்போல உடுத்தி, தோளில் கைப்பை மாட்டியிருந்தார். மேலாளருக்கு வணக்கம் சொன்னார். குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தார். மேலாளர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். இதுவும் விழாவில் ஓர் அங்கம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

“கிளம்பறேங்க” என்றார் மனைவியார்.

“எங்க?”

“கிளைக்கு. நாளைக்குக் காலையில பொறுப்பு எடுத்துக்கணும். தங்கறதுக்கு அங்கயே அறை குடுத்திருக்காங்க.”

“இது எப்ப... யாரு முடிவு பண்ணினது?”

மகள் கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள். “இதர விஷயங்கள் அனைத்தும் விவாதமின்றி ஏற்கப்பட்டன. அனைத்துமா என்று செயலாளர் கேட்டதற்கு, அனைத்தும் என்று தலைவர் உறுதி கூறினார். ஆட்சேபணை இல்லை.”

பதிவாகிவிட்ட முடிவை மறுத்துப் பேசிக் கண்காணிப்பாளருக்குப் பழக்கமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதிவைத் தொலைத்துவிட்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. மேலாளர் பக்கத்தில் நின்று, தீர்மானத்தின் வாசகம் சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினார்.

“இப்படித் திடுதிப்புனு... மூட்டை கட்ட வேண்டாமா?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

“எனக்கு அந்த வேலையே இல்லீங்க. நீங்கதான் எல்லாத்தையும் அழகா மடிச்சுப் பெட்டில அடுக்கிக் குடுத்துட்டீங்களே.”

“என் சட்டை...”

“சீட்டு ஒட்டியிருக்குங்க. இனிமே யாரையும் கேக்க வேண்டாம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்காணிப்பாளருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். வாசலில் தம்பியின் வேன் ஹாரன் அடித்தது. மனைவியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தவர், நின்று திரும்பினார்.

“லீவு கிடைச்சா வருவேங்க. வந்தா என் துணியை எங்க வைக்கட்டும்?”

கண்காணிப்பாளர் திறந்திருந்த அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டில் வயர், இனம் தெரிந்தது. அதற்குக் கீழே வயர், இனம் தெரியாதது. அதற்குக் கீழே குடை, கடிகாரம், மிக்ஸிப் புத்தகம். கம்பியில் கல்யாணக் கோட்டு, தோளில் ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கியது. வெளியே எடுத்துப் போட ஏதாவது ஒன்றைத் தேடி அவர் கை எழுந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றது.

“அதை... அடுத்த கூட்டத்துல...” என்றார்.

“சரிங்க. பெட்டியிலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மனைவியார் போனார். மகள் அம்மாவின் இன்னொரு பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

அறையில் சோப்பு மணம் நன்றாகவே இருந்தது. மேலாளர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டு தட்டாக மறுபடியும் பார்வையிட்டார். விழா நெடுகக் கண்காணிப்பாளர் எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாரோ, அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

“இவ்வளவும் பண்ணியிருக்கீங்க. மொத்தம் என்ன செலவாச்சு?”

பதில் தயாராகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தார். “பழைய அட்டைப்பெட்டி, சார்... மிச்சப் பெயிண்ட்... ஒரு பசைப் புட்டி...”

தெருவில் வேன் கிளம்பிய சத்தம் கேட்டது. முனை திரும்பும்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

“அவ்வளவுதானா?” மேலாளர் வியந்து போனார். “வேற ஒண்ணும் போகலையே?”

கண்காணிப்பாளர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சரிபார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உள்ளேயிருந்து ஒரு துண்டு வயர்கூடப் போயிருக்கவில்லை.